வறுமையும் கல்வியின்மையும் பயங்கரவாதத்துக்குக் காரணமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்காவது குண்டு வெடித்த மறுநாளே இரண்டு குரல்கள் கேட்கும். "வேலை கொடுத்திருந்தால் இந்தப் பையன்கள் இப்படிப் போயிருப்பார்களா?" என்பது ஒன்று. "படிப்பறிவில்லாத கூட்டம், வேறென்ன செய்யும்?" என்பது இன்னொன்று. முதலாவது அனுதாபம், இரண்டாவது ஏச்சு. ஆனால் ஏழையும் படிக்காதவரும்தான் வன்முறைக்குப் போவார்கள் என்ற நம்பிக்கை இரண்டுக்கும் பொது. அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன, அவற்றை வைத்து என்ன செய்யலாம் என்பதை இங்கே தொகுத்திருக்கிறோம்.

நேரடியாகச் சொல்லுங்கள்: ஏழ்மை ஒருவரைப் பயங்கரவாதியாக்குகிறதா?

ஏழ்மை மட்டும் ஆக்குவதில்லை. உலகில் கோடிக்கணக்கானவர்கள் கடும் வறுமையில் வாழ்கிறார்கள். அவர்களில் ஆயுதம் தூக்குபவர்கள் கண்ணுக்கே தெரியாத அளவு சிறிய பகுதி. ஆயுதம் தூக்கியவர்களை எடுத்துப் பார்த்தாலும், பல அமைப்புகளில் அவர்கள் தங்கள் சமூகத்தின் சராசரியைவிட வசதியானவர்கள், கூடுதலாகப் படித்தவர்கள்.

அதற்காக வறுமைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. யார் சேர்கிறார்கள், எந்த நாட்டில் நடக்கிறது, எந்தக் காலத்தில் கூடுகிறது, சேர்ந்தவர்களில் யாருக்கு எந்த வேலை என்பவை நான்கு தனித்தனிக் கேள்விகள். ஒவ்வொன்றிலும் வறுமையின் பங்கு வேறு. விவாதங்கள் பெரும்பாலும் சண்டையாக முடிவதற்குக் காரணம், ஒருவர் முதல் கேள்விக்கும் மற்றவர் மூன்றாம் கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டிருப்பதுதான்.

இந்த எண்ணம் எங்கிருந்து இவ்வளவு பரவியது?

பழைய எண்ணம்தான். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அரசியல் மேடைகளில் வலுப்பெற்றது. 2002 மார்ச்சில் மெக்சிகோவின் மான்டெரே நகரில் நடந்த ஐ.நா. மாநாட்டில், அன்றைய அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் வறுமை ஒழிப்பைப் பயங்கரவாதத்துக்கான பதிலாக முன்வைத்தார். வளர்ச்சி உதவிக்கு நிதி திரட்டுபவர்களுக்கும் அந்த வாதம் வசதியாக இருந்தது. ஆனால் அந்தத் தாக்குதலை நடத்திய 19 பேரில் 15 பேர் சவூதி அரேபியர்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய முகமது அத்தா ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் நகர்த் திட்டமிடல் படித்தவர். பின்னணியில் இருந்த ஒசாமா பின் லேடன் பெரும் கட்டுமானத் தொழில் குடும்பத்தின் மகன். அவருடைய துணைத்தலைவர் அய்மன் அல் ஜவாஹிரி அறுவை சிகிச்சை மருத்துவர்.

ஒன்றிரண்டு பெயர்களை வைத்து முடிவு கட்டலாமா? பரந்த ஆய்வுகள் உண்டா?

உண்டு. சிலவற்றைக் கிட்டே போய்ப் பார்ப்பது நல்லது.

ஆலன் க்ரூகர், யித்கா மலெச்கோவா ஆகிய பொருளியல் ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட கட்டுரை இந்த விவாதத்தின் திருப்புமுனை. லெபனானின் ஹிஸ்புல்லா அமைப்பில் சேர்ந்து இறந்த 129 பேரின் விவரங்களை எடுத்து, அதே நாட்டின் ஒத்த வயதினரோடு ஒப்பிட்டார்கள். பொதுமக்களில் 33 சதவீதத்தினர் ஏழைகள். இறந்த உறுப்பினர்களில் 28 சதவீதம். இடைநிலைக் கல்வியோ அதற்கு மேலோ பெற்றவர்கள் பொதுமக்களில் 38 சதவீதம். இறந்தவர்களில் 47 சதவீதம். வேறுபாடு பெரிதில்லை. ஆனால் அது எதிர்பார்த்த திசைக்கு நேர் எதிராகப் போகிறது.

பாலஸ்தீனத் தற்கொலைத் தாக்குதலாளிகளை ஆராய்ந்த க்ளாட் பெரெபி கண்டதும் இதுவே. அவர்களில் ஏறக்குறைய 60 சதவீதத்தினர் பள்ளிப்படிப்பைத் தாண்டியவர்கள். பொதுமக்களில் அந்த விகிதம் 15 சதவீதத்துக்கும் குறைவு.

இதை ஒரு மதத்தோடு முடிச்சுப் போடவும் வழியில்லை. 1977-இல் சார்ல்ஸ் ரஸ்ஸல், போமன் மில்லர் இருவரும் உலகின் 18 அமைப்புகளைச் சேர்ந்த 350-க்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்தார்கள். அன்றைய அமைப்புகளில் பல இடதுசாரிக் குழுக்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பல்கலைக்கழக வாசலை மிதித்தவர்கள். ஜப்பானில் 1995-இல் டோக்கியோ சுரங்க ரயில்களில் சாரின் வாயுவைப் பரப்பிய ஓம் ஷின்ரிக்யோ என்ற மதக் குழுவில் வேதியியல் படித்தவர்கள் இருந்தார்கள். ரயிலில் வாயுவை விட்டவர்களில் ஒருவர் இதய அறுவை மருத்துவர். அமெரிக்காவில் பதினேழு ஆண்டுகள் அஞ்சலில் குண்டு அனுப்பிய தியோடர் காசின்ஸ்கி கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர்.

ஐ.எஸ். அமைப்பில் சேர்ந்த வெளிநாட்டவர் 3,803 பேரின் படிவங்கள் கசிந்தபோது உலக வங்கி அவற்றை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டது. 69 சதவீதத்தினர் குறைந்தது இடைநிலைக் கல்வி பெற்றவர்கள். நான்கில் ஒருவர் பல்கலைக்கழகம் வரை போனவர். 2016-இல் டாக்கா உணவகத்தில் புகுந்து கொன்றவர்களில் சிலர் வசதியான குடும்பத்துப் பிள்ளைகள். 2019 ஈஸ்டர் ஞாயிறன்று இலங்கையில் வெடிக்க வைத்தவர்களில் இருவர் செல்வந்த வணிகரின் மகன்கள்; இன்னொருவர் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் படித்தவர்.

அப்படியானால் ஏழைகள் சேர்வதே இல்லையா?

சேர்கிறார்கள். 2008 மும்பைத் தாக்குதலில் உயிரோடு பிடிபட்ட அஜ்மல் கசாப் பாகிஸ்தான் பஞ்சாபின் ஏழைக் குடும்பத்தைச் சேர்ந்தவர். தொடக்கப் பள்ளியோடு படிப்பு நின்றுவிட்டது. அதே தாக்குதலுக்காக முன்கூட்டியே மும்பைக்கு வந்து இடங்களை வேவு பார்த்த டேவிட் ஹெட்லி அமெரிக்கக் கடவுச்சீட்டோடு தாராளமாக நடமாடியவர். ஒரே தாக்குதலில் இரண்டு வர்க்கம், இரண்டு வேலை.

ஆப்பிரிக்காவில் படம் இன்னும் மாறுகிறது. ஐ.நா. வளர்ச்சித் திட்டம் எட்டு நாடுகளில் ஏறத்தாழ 2,200 பேரிடம் பேசி 2023-இல் வெளியிட்ட அறிக்கையில், விரும்பிச் சேர்ந்தவர்களில் நான்கில் ஒருவர் வேலை வாய்ப்பையே முதல் காரணமாகச் சொன்னார். மதத்தைச் சொன்னவர்கள் 17 சதவீதம். நைஜீரியாவில் போகோ ஹராம் என்ற ஆயுதக் குழு சிறு வியாபாரிகளுக்குக் கடன் கொடுத்து, திருப்பிக் கட்ட முடியாதவர்களை உறுப்பினராக்கியது பதிவாகியிருக்கிறது. வங்கியும் அரசும் எட்டிப் பார்க்காத ஊரில் முதலீடு கொடுக்க ஒருவர் வந்தால், அவர் யார் என்று விசாரிக்கும் வசதி எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

ஆகவே, ஊரையே பிடித்து வைத்துக்கொண்டு வரி வசூலிக்கும் பெரிய ஆயுதக் குழுக்களின் அடிமட்டத்தில் ஏழைகள் அதிகம். தொலைதூர நாட்டில் தாக்குதல் நடத்தும் சிறிய, ரகசியக் குழுக்களில் படித்தவர்கள் அதிகம். இந்த இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதால்தான் எண்கள் ஒன்றோடொன்று மோதுவதுபோலத் தோன்றுகின்றன.

படித்தவர்கள் ஏன் இவ்வளவு தென்படுகிறார்கள்?

முதல் காரணம், ஆள் எடுப்பது. சேர விரும்புபவர்கள் எல்லாரையும் குழு எடுத்துக்கொள்வதில்லை. வெளிநாட்டு விமான நிலையத்தில் பதற்றப்படாமல் நடக்க, மொழி பேச, வீடு வாடகைக்கு எடுக்க, கருவிகளைக் கையாளத் தெரிந்தவர் தேவை. ஈத்தன் புவேனோ டி மெஸ்கிடா 2005-இல் இதைக் கணித மாதிரியாகவே காட்டினார்.

எளிய கணக்கு ஒன்று போடலாம். 1,000 பேர் சேர முன்வருகிறார்கள் என்று வையுங்கள். 800 பேர் ஏழைகள், 200 பேர் பட்டதாரிகள். குழுவுக்குத் தேவை 50 பேர். திறமையைப் பார்த்து 35 பட்டதாரிகளையும் 15 ஏழைகளையும் எடுக்கிறது. பிடிபட்டவர்களின் பட்டியலை மட்டும் பார்க்கும் ஆய்வாளருக்கு 70 சதவீதத்தினர் பட்டதாரிகளாகத் தெரியும். முன்வந்தவர்களில் 80 சதவீதத்தினர் ஏழைகள் என்பது அந்தப் பட்டியலில் எங்கும் இருக்காது.

பெரெபியும் எஃப்ரைம் பென்மெலெக்கும் 2007-இல் காட்டியது இதற்குப் பொருந்துகிறது: வயதும் படிப்பும் கூடிய தாக்குதலாளிகள் முக்கியமான இலக்குகளுக்கு அனுப்பப்பட்டார்கள், அவர்கள் தோற்பதும் பிடிபடுவதும் குறைவு. பின்னர் எஸ்தெபான் க்ளோரோடு சேர்ந்து செய்த 2012 ஆய்வில் இன்னொன்று வெளிப்பட்டது. வேலையில்லாத் திண்டாட்டம் கூடும்போது, அமைப்புகளுக்குக் கிடைப்பவர்களின் படிப்பும் அனுபவமும் கூடுகின்றன. பொருளாதாரச் சரிவின் விளைவு ஆள் எண்ணிக்கையில் தெரியாமல் ஆள் தரத்தில் தெரியக்கூடும்.

இரண்டாவது காரணம், யாரோடு ஒப்பிடுகிறோம் என்பது. இதை அலெக்சாண்டர் லீ 2011-இல் அழகாக எடுத்துக்காட்டினார். பிரிட்டிஷ் ஆட்சியில் வங்காளத்தில் குண்டும் துப்பாக்கியும் ஏந்திய ரகசியக் குழுவினரை எடுத்துக்கொண்டார். மொத்த மக்களோடு ஒப்பிட்டால் அவர்கள் படித்தவர்கள், மேல்தட்டினர். ஆனால் அதே காலத்தில் அகிம்சை வழியில் அரசியல் செய்தவர்களோடு ஒப்பிட்டால் அவர்கள் வசதி குறைந்தவர்கள். அரசியலில் ஈடுபடவே ஓரளவு படிப்பும் ஓய்வும் வேண்டும். அன்றாடக் கூலிக்கு ஓடுபவருக்கு அவை இல்லை. அரசியலுக்குள் வந்துவிட்டவர்களிலோ, இழக்கக் குறைவாக இருப்பவர் ஆபத்தான வழியை எடுக்கிறார். இதைப் படித்த பிறகு "பயங்கரவாதிகள் பணக்காரர்கள்" என்ற அவசர முடிவையும் கைவிட வேண்டியிருக்கிறது.

பொறியியல் படித்தவர்கள் அதிகம் என்கிறார்களே?

டியேகோ காம்பெட்டாவும் ஸ்டெஃபென் ஹெர்டாக்கும் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். பாடப்பிரிவு தெரிந்த இஸ்லாமியத் தீவிரவாதிகளில் பொறியாளர்களின் பங்கு எதிர்பார்ப்பைவிடப் பல மடங்கு கூடுதல். இடதுசாரிக் குழுக்களில் அப்படியில்லை; அங்கே இலக்கியம், வரலாறு போன்ற கலைப் பாடங்கள், சட்டம், சமூக அறிவியல் படித்தவர்கள் மிகுதி. குண்டு செய்யத் தெரியும் என்பதற்காக மட்டும் எடுத்திருந்தால் எல்லாக் குழுக்களிலும் பொறியாளர்கள் நிறைந்திருக்க வேண்டும். அவர்கள் சுட்டும் விளக்கங்களில் முக்கியமானது: மத்திய கிழக்கில் 1970-களுக்குப் பிறகு கடினமான படிப்பை முடித்தவர்களுக்குத் தகுதிக்கேற்ற வேலை இல்லாமல் போனது. பொருளாதாரம் நன்றாக இருந்த சவூதி அரேபியாவில் இந்த மிகுதி தென்படவில்லை என்பது அந்த வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. எந்தப் பொறியியல் மாணவரையும் சந்தேகிக்க இது அடிப்படையாகாது. ஏன் என்பதற்கான கணக்கு கீழே வருகிறது.

மதரஸாக்கள்தான் ஊற்றுக்கண் என்பது உண்மையா?

பீட்டர் பெர்கன், ஸ்வாதி பாண்டே இருவரும் மேற்கத்திய நாடுகளைக் குறிவைத்த ஐந்து பெரிய தாக்குதல்களோடு தொடர்புடைய 79 பேரைப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்டோர் கல்லூரிக்குப் போனவர்கள். மதரஸாவில் படித்தவர்கள் 11 சதவீதம். பாகிஸ்தானில் பள்ளி செல்லும் பிள்ளைகளில் முழுநேர மதரஸாவில் இருப்பவர்கள் மிகச் சிறிய பங்கே என்று தஹிர் அந்த்ராபி குழுவினரின் ஆய்வு காட்டியது. குறிப்பிட்ட சில நிறுவனங்கள் ஆயுதக் குழுக்களுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்ததும் நடந்ததுதான். அதைக் குறிப்பிட்ட நிறுவனத்தின் மேல் வைக்க வேண்டும். மொத்தப் பிள்ளைகளின் தலையில் ஏற்றக்கூடாது.

கல்வியைக் கூட்டினால் பிரச்சினை தீருமா?

எவ்வளவு கல்வி என்பதோடு, எத்தகைய கல்வி, அதன் பிறகு என்ன கிடைக்கிறது என்ற இரண்டையும் கேட்க வேண்டும்.

ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் 2023 அறிக்கைப்படி, ஆய்வு நடந்த ஆப்பிரிக்கப் பகுதிகளில் கூடுதலாக ஓராண்டு பள்ளிக்குப் போனவர் விரும்பிச் சேரும் வாய்ப்பு 13 சதவீதம் குறைவு. அங்கே பள்ளி என்பது எழுத்தறிவு மட்டுமில்லை. பிள்ளை பகல் முழுக்க எங்கே இருக்கிறான் என்பதற்கான பதிலும் அதுவே. ஆனால் சாரா ப்ரோக்ஹோஃப், டிம் க்ரீகர், டேனியல் மேயெரிக்ஸ் ஆகியோர் 133 நாடுகளின் தரவை ஆராய்ந்தபோது, பொருளாதாரமும் அரசியலும் சீர்கெட்ட நாடுகளில் தொடக்கக் கல்வி கூடும்போது பயங்கரவாதமும் கூடக்கூடும் என்று தெரிந்தது. நிலைமை ஓரளவு சரியாக உள்ள நாடுகளில் உயர்கல்வி அதைக் குறைக்கிறது. படிப்பு எதிர்பார்ப்பை வளர்க்கிறது. கதவு மூடியே இருந்தால் அந்த எதிர்பார்ப்பு கோபமாகிறது. 1971 ஏப்ரலில் இலங்கையில் ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) என்ற இடதுசாரி அமைப்பின் கிளர்ச்சியில் இறங்கியவர்களில் பெரும்பகுதியினர், தாய்மொழியில் படித்துத் தேறியும் வேலை கிடைக்காத கிராமத்து இளைஞர்கள்.

பாடத்தின் உள்ளடக்கமும் முக்கியமானது. 1980-களில் சோவியத் படையை எதிர்க்க அமெரிக்க நிதியில் அச்சாகி ஆப்கன் பிள்ளைகளின் கைக்குப் போன பாடநூல்களில் எண்ணிக்கையே துப்பாக்கி ரவைகளால் கற்பிக்கப்பட்டது. நான்காம் வகுப்புக் கணக்கு ஒன்று இப்படிப் போகும்: கலாஷ்னிகோவ் ரவையின் வேகம் வினாடிக்கு 800 மீட்டர், ரஷ்யன் 3,200 மீட்டர் தொலைவில் இருக்கிறான், ரவை அவன் நெற்றியைத் தொட எத்தனை வினாடி ஆகும்? விடை நான்கு. ஒன்பது வயதுப் பிள்ளை வகுத்தலையும் கொலையையும் ஒரே வரியில் கற்றிருக்கிறது. இந்தப் பிள்ளைகளையும் "கல்வி பெற்றவர்கள்" என்ற கட்டத்தில்தான் புள்ளிவிவரம் அடைக்கும்.

அதிக மரணங்கள் ஏழை நாடுகளில்தானே நிகழ்கின்றன?

ஆம். சமீப ஆண்டுகளில் உலகின் பயங்கரவாத மரணங்களில் ஏறத்தாழ பாதி சஹாரா பாலைவனத்தின் தெற்கு விளிம்பில் உள்ள ஆப்பிரிக்காவின் சாஹெல் பகுதியில். புர்கினா ஃபாசோ, மாலி, நைஜர் ஆகியவை மிக வறிய நாடுகள். ஆனால் மலாவியும் அதே அளவு வறிய நாடு. அங்கே இந்தப் பிரச்சினை இல்லை என்றே சொல்லலாம். உள்நாட்டுப் போரும் கைவிட்ட அரசும் சாஹெலில் உண்டு, மலாவியில் கிடையாது.

நாடுகளை ஒப்பிட்ட அல்பெர்ட்டோ அபாடியே (2006), மற்றக் காரணிகளைச் சேர்த்துக்கொண்டால் வருமானத்தின் தாக்கம் மறைந்துவிடுகிறது என்றார். அரசியல் சுதந்திரம் அரைகுறையாக உள்ள நாடுகளில்தான் ஆபத்து மிகுதி. வால்டர் எண்டர்ஸ், கேரி ஹூவர், டாட் சாண்ட்லர் ஆகியோர் நாடுகளின் வருமானப் படியில் அடியிலும் உச்சியிலும் குறைவாகவும், நடுப்பகுதியில் அதிகமாகவும் தாக்குதல் நிகழ்வதைக் காட்டினார்கள்.

உள்நாட்டுப் போருக்கும் வறுமைக்கும் தொடர்பு உறுதியானதா?

இங்கே தொடர்பு மிக வலுவானது. எட்வர்ட் மிகெலும் உடன் ஆய்வாளர்களும் 41 ஆப்பிரிக்க நாடுகளை 1981 முதல் 1999 வரை பார்த்தார்கள். மழை பொய்த்துப் பொருளாதார வளர்ச்சி 5 சதவீதப் புள்ளி விழுந்தால், அடுத்த ஆண்டில் ஆயுத மோதலுக்கான வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. கொலம்பியாவில் காபி விலை சரிந்தபோது காபி விளையும் ஊர்களில் வன்முறை கூடியது. எண்ணெய் விலை ஏறியபோது எண்ணெய் ஊர்களில் கூடியது. காபி உழைப்பைக் கேட்கும் பயிர். கூலி போனால் ஆயுதக் குழு ஈர்க்கிறது. எண்ணெய்க்கு ஆள் குறைவு, கொள்ளை அதிகம். பணம் வந்தால் அமைதி வரும் என்பதற்கு இந்த இரண்டாம் பாதி ஓர் எச்சரிக்கை.

போர் மூண்டால் பயங்கரவாதத்துக்கு நிலமும் ஆயுதமும் ஆளும் கிடைக்கின்றன. வறுமை அந்த வழியாகச் சுற்றி வந்து சேர்கிறது.

வறுமை நேரடிக் காரணம் இல்லையென்றால், வேறு எது?

மூன்று விஷயங்கள் ஆய்வுக்கு ஆய்வு திரும்ப வருகின்றன.

ஒன்று, பாரபட்சம். ஒரு நாடு ஏழையாக இருப்பதைவிட, அந்த நாட்டில் ஒரு சிறுபான்மையினர் மட்டும் வேலையிலிருந்தும் நிலத்திலிருந்தும் விலக்கப்படுவதுதான் உள்நாட்டுப் பயங்கரவாதத்தை முன்னறிவிக்கிறது என்று ஜேம்ஸ் பியாஸா 2011-இல் காட்டினார்.

இரண்டு, அரசின் கை. ஐ.நா. வளர்ச்சித் திட்டம் 2017-இல் ஆப்பிரிக்காவில் விரும்பிச் சேர்ந்த 495 பேரிடம், கடைசியாகத் தள்ளியது எது என்று கேட்டது. 71 சதவீதத்தினர் சொன்னது அரசின் செயல்: குடும்பத்தில் ஒருவரோ நண்பரோ கொல்லப்பட்டது அல்லது கைதானது. இந்த எண்ணைப் பாதுகாப்புத் துறையில் இருப்பவர்கள் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்ய வேண்டும் என்று விரும்புகிறோம். ஒரு ஊரையே சுற்றி வளைத்து எல்லா இளைஞர்களையும் அள்ளிச் செல்லும் இரவில், ஆயுதக் குழு செலவில்லாமல் ஆள் சேர்க்கிறது.

மூன்று, அறிமுகம். 172 பேரின் வாழ்க்கையை ஆராய்ந்த மார்க் சேஜ்மன், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் நண்பர்கள் வழியாக நுழைந்ததைக் கண்டார். உறவினர் வழி வந்தவர்களும் கணிசம். ஒரே வறுமை, ஒரே பள்ளி, ஒரே தெரு. ஒருவர் சேர்கிறார், மற்ற ஐம்பது பேர் சேர்வதில்லை. அந்த ஒருவருக்கு உள்ளே ஆள் தெரிந்திருக்கிறது.

ஏழைகளிடம் இந்த அமைப்புகளுக்கு ஆதரவு அதிகமா?

பாகிஸ்தானில் 6,000 பேரிடம் நடந்த ஆய்வு (2013) எதிர்மாறாகச் சொல்கிறது. ஏழைகள், அதிலும் நகர்ப்புற ஏழைகள், ஆயுதக் குழுக்களை நடுத்தர வர்க்கத்தைவிட அதிகமாக வெறுக்கிறார்கள். குண்டு வெடிக்கும் சந்தையில் நிற்பவர்களும் அவர்கள்தானே.

உதவித் திட்டங்கள் வன்முறையைக் குறைக்குமா? எங்கே தவறுகின்றன?

சில குறைத்தன, சில கூட்டின. எப்படிக் கொடுக்கப்பட்டது என்பதில்தான் வேறுபாடு.

ஈராக்கில் அமெரிக்க ராணுவத்தின் உதவிப் பணிகளில் 50,000 டாலருக்குக் குறைவான சிறு பணிகள், பாதுகாப்பும் உள்ளூர் விவரம் தெரிந்த வளர்ச்சி வல்லுநர்களும் இருந்த இடத்தில், வன்முறையைக் குறைத்தன. பெரிய ஒப்பந்தங்களுக்கு அந்தப் பலன் இல்லை. சிறிய பணியை ஊரார் ஒத்துழைக்காவிட்டால் நிறுத்திவிடலாம். பாதி கட்டிய பெரிய ஆலையை நிறுத்த முடியாது.

பிலிப்பைன்ஸில் ஊர் கூடி முடிவெடுக்கும் ஒரு பெரிய வளர்ச்சித் திட்டம் வந்தபோது, தகுதி பெற்ற நகராட்சிகளில் மோதல் அதிகரித்தது. முன்னேற்பாட்டுக் கூட்டங்கள் நடந்த தொடக்க மாதங்களில்தான் மிகுதி. திட்டம் வென்றால் தங்கள் செல்வாக்கு போகும் என்று கிளர்ச்சியாளர்கள் முந்திக்கொண்டார்கள். அதே நாட்டில், பிள்ளைகள் பள்ளிக்குப் போனால் குடும்பத்துக்கு நேராகப் பணம் தரும் திட்டம் மோதலைக் குறைத்தது. தாக்க ஒரு கட்டடமோ கூட்டமோ அதில் இல்லை.

இந்தியாவின் நூறு நாள் வேலைத் திட்டம் வந்த பிறகு, மழை பொய்க்கும் ஆண்டில் வன்முறை ஏறும் பழைய தொடர்பு தளர்ந்ததாக டீமோ ஃபெட்சர் கண்டார். மாவோயிஸ்ட் வன்முறை குறைந்தது, கூலியைச் சரியாகப் பட்டுவாடா செய்த ஆந்திரம் போன்ற மாநிலத்தில்தான் என்கிறது வேறொரு ஆய்வு. சட்டம் எல்லா மாநிலத்துக்கும் ஒன்றாகவே இருந்தது. பணம் கைக்கு வந்ததா என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டது.

ஆப்கனின் காந்தஹாரில் இளைஞர்களிடம் நடத்திய சோதனையில், தொழிற்பயிற்சி மட்டும் தந்தபோது அன்றைய அரசின் மேலான ஆதரவில் மாற்றம் இல்லை. பணம் மட்டும் தந்தபோது ஆதரவு முதலில் ஏறிப் பின் விழுந்தது. இரண்டையும் சேர்த்துத் தந்தபோதுதான் மாதங்கள் கடந்தும் நிலைத்தது. சான்றிதழ் மட்டும் வைத்திருப்பவரிடம் கடை போட முதல் இல்லை.

நாங்கள் ஒரு சிறிய திட்டம் தொடங்குகிறோம். எவற்றைக் கவனிக்க வேண்டும்?

"தீவிரவாதத் தடுப்பு" என்ற பலகையை மாட்டாதீர்கள். வருபவர் எல்லாரையும் சந்தேகத்துக்குரியவர் ஆக்கிவிடும். வர வேண்டியவர் வரமாட்டார். தொழிற்பயிற்சியைத் தொழிற்பயிற்சி என்றே சொல்லுங்கள்.

ஒரே சமூகத்தாரை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டாம். பாரபட்சம் என்ற காயத்தின் மேல் இன்னொரு பாரபட்சமாக அது விழும்.

பயிற்சியோடு தொடக்க முதலையும், முடிந்தால் ஒரு முதலாளியின் உறுதியையும் சேருங்கள். ஆறு மாதப் பயிற்சி முடிந்து வேலை இல்லையென்றால், தொடங்கியதைவிட மோசமான இடத்தில் கொண்டுவிட்டிருப்பீர்கள்.

அளப்பதைத் தொடங்கும் முன்பே செய்யுங்கள். பயங்கரவாதம் மிக அரிது. "எங்கள் திட்டத்தில் யாரும் சேரவில்லை" என்பது எதையும் நிரூபிக்காது. வருமானம், வேலையில் நீடித்த மாதங்கள், அண்டையில் நடந்த மோதல்கள், ஊர் அதிகாரிகள் மேலுள்ள நம்பிக்கை ஆகியவற்றைத் திட்டத்துக்கு முன்பும், முடிந்த ஓராண்டு கழித்தும், திட்டத்தில் சேராத ஒத்த குழுவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஏழை, வேலையில்லாதவர், இத்தனை வயது என்று பட்டியலிட்டு முன்கூட்டியே பிடித்துவிட முடியாதா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 லட்சம் பேர் உள்ள நகரில் உண்மையில் ஆபத்தானவர்கள் 10 பேர். உங்களிடம் 99 சதவீதம் சரியாகச் சொல்லும் அளவுகோல் இருக்கிறது என்று வையுங்கள். நிஜத்தில் அப்படி ஒன்று கிடையாது. அந்த 10 பேரும் சிக்கினால்கூட, மீதமுள்ளவர்களில் 1 சதவீதம், அதாவது ஏறத்தாழ 10,000 அப்பாவிகளும் சேர்ந்து சிக்குவார்கள். ஆயிரத்துக்கு ஒருவரைப் பிடிக்க 999 வீடுகளின் கதவைத் தட்டினால், மேலே சொன்ன 71 சதவீதக் கதை தொடங்குகிறது. வறுமையை அளவுகோலில் சேர்ப்பது இதை இன்னும் மோசமாக்கும்.

ஒரு செய்தியோ ஆய்வோ "வறுமையே காரணம்" என்றால் எப்படிச் சரிபார்ப்பது?

யாரோடு ஒப்பிட்டார்கள் என்று முதலில் பாருங்கள். "சேர்ந்தவர்களில் 60 சதவீதத்தினர் வேலையற்றோர்" என்ற வரி, அந்த ஊரில் அதே வயதினரில் எத்தனை சதவீதத்தினர் வேலையற்றோர் என்று சொல்லாதவரை வெற்று வரி. அங்கும் 60 என்றால் ஒன்றும் நிரூபணமாகவில்லை.

சிறையில் இருப்பவர்களின் வாக்குமூலமா, இறந்தவர்களின் குறிப்பா, கருத்துக்கணிப்பா என்று அடுத்துப் பாருங்கள். சிறையில் இருப்பவர் "காசுக்காகப் போனேன்" என்று சொல்வது தண்டனையைக் குறைக்க உதவும். கொள்கைக்காகப் போனேன் என்று சொன்னால் கூடும். அமைப்பு தானே வெளியிடும் வாழ்க்கைக் குறிப்பு தியாகத்தைப் பெரிதாக்கும். கடைசியாக, சொல்லப்படுவது அடிமட்டச் சிப்பாயைப் பற்றியா, திட்டமிட்டவரைப் பற்றியா என்று கேளுங்கள்.

நமக்குத் தெரிந்த ஒருவர் அந்தப் பக்கம் சாய்கிறார் என்று தோன்றினால்?

தனியாகத் தாக்குதல் நடத்திய அல்லது திட்டமிட்ட 119 பேரை பால் கில் தலைமையிலான குழு ஆராய்ந்தது (2014). ஏறத்தாழ 64 சதவீத வழக்குகளில் குடும்பத்தாருக்கோ நண்பருக்கோ அவர் நோக்கம் முன்பே தெரிந்திருந்தது, அவரே சொல்லியிருந்தார். எனவே வருமானத்தையும் உடையையும் பார்க்காமல் பேச்சையும் நடத்தையையும் கவனியுங்கள். பழைய நண்பர்களை ஒரேயடியாக வெட்டிவிடுவது, குறிப்பிட்ட மக்களைக் கொல்வது நியாயம் என்று பேசுவது, விடைபெறுவதுபோலக் கடன் அடைப்பது, பொருள்களைக் கொடுத்துவிடுவது, ஆயுதமோ பயணமோ தேடுவது ஆகியவை கவலைக்குரியவை. பக்தி கூடியது மட்டும் கவலைக்குரியதில்லை.

பேச்சை வாதமாக்காதீர்கள், கேளுங்கள், தொடர்பை அறுக்காதீர்கள். அவர் மதிக்கும் ஒரு மூத்தவரையோ ஆசிரியரையோ கூட்டிக்கொள்ளுங்கள். ஜெர்மனி, ஸ்வீடன் போன்ற நாடுகளில் விலக விரும்புபவர்களுக்கும் குடும்பங்களுக்கும் உதவும் அமைப்புகள் பல ஆண்டுகளாக இயங்குகின்றன. உங்கள் நாட்டில் அப்படி ஒன்று இருந்தால் அதையும், இல்லையென்றால் ஒரு வழக்கறிஞரையும் மனநல ஆலோசகரையும் அணுகுங்கள். நாள், இடம், ஆயுதம் என்று குறிப்பான பேச்சு வந்துவிட்டால் காத்திருக்க நேரமில்லை. அன்றே காவல்துறையிடம் சொல்லுங்கள். சொல்லும்போது கேட்டதை, பார்த்ததை, தேதியோடு சொல்லுங்கள்; ஊகங்களைச் சேர்க்க வேண்டாம்.